அகராதியில் யுரேனியம் கண்ணாடிக்கு நிறம் போடும் பொருளா? பழைய ஆங்கில அறிவியல் விளக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம்

கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் வசதியாக இருக்கும். கைபேசியில் இலவசமாகக் கிடைத்த ஓர் ஆங்கில அகராதியில் யுரேனியம் என்று தேடியிருக்கிறீர்கள். கதிரியக்கம் பற்றியோ அணு உலை பற்றியோ அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதன் மஞ்சள் ஆக்சைடு கண்ணாடிக்குப் பச்சை கலந்த மஞ்சள் நிறம் தரும், கறுப்பு ஆக்சைடு பீங்கானில் வண்ணம் தீட்ட உதவும், அணு எடை 239 என்று போட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் 238. அகராதியின் பெயர் வெப்ஸ்டர், ஆண்டு 1913. அகராதி தப்பா, மெழுகுவர்த்தி எரிவதை வைத்து ஃபாரடே நிகழ்த்திய அறிவியல் உரைகளைப் படிக்க இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமா, பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: பழைய விளக்கம் ஒன்றை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது?

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பழைய பாடநூல்களையும் அகராதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது வெகுகாலப் பழக்கம். வேதியியல், அதை ஒட்டிய இயற்பியல், இந்த இரண்டில்தான் நான் தைரியமாகப் பேசுவேன். மருத்துவம், தாவரவியல் சொற்களில் எனக்குப் பயிற்சி கிடையாது. அங்கே சிக்கல்கள் வேறு மாதிரி இருக்கும், ஆகவே நான் சொல்வதை அவற்றுக்கும் அப்படியே நீட்டிவிடாதீர்கள்.

முதலில் அந்த 1913. அதை நம்பியதில்தான் குழப்பம் தொடங்கியது. 1913இல் வெளிவந்த அந்த வெப்ஸ்டரின் உடல் 1890ஆம் ஆண்டுப் பதிப்பு. இடையில் வந்த புதுச் சொற்களைச் சேர்த்து மறுபடி அச்சிட்டார்கள், அவ்வளவுதான். யுரேனியம் பதிவு 1890க்காரர்களின் கையெழுத்து. பெக்கெரல் யுரேனிய உப்பிலிருந்து கதிர்கள் வருவதைக் கண்டது 1896இல். ஆறு வருடம் கழித்து நடக்கப்போவதை அகராதிக்காரர் எப்படி எழுதுவார்? அன்றைக்கு யுரேனியத்துக்குச் சந்தையில் இருந்த மதிப்பே கண்ணாடிக்காரர்களாலும் பீங்கான்காரர்களாலும் வந்ததுதான். 239 என்பதும் அப்போது ஏற்றுக்கொண்ட அளவு, இன்று 238.03. ஆக, அந்தப் பதிவு அதன் காலத்துக்குச் சரி. அட்டையில் இருக்கும் ஆண்டுதான் நம்மை ஏமாற்றுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே அகராதியில் எலெக்ட்ரான் என்று தேடுங்கள். முதலில் வரும் விளக்கம்: அம்பர் பிசின், அல்லது பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகக் கலவை. இது 1890. எலெக்ட்ரான் என்ற பெயரை மின்னூட்டத்தின் அலகுக்கு ஸ்டோனி வைத்தது 1891இல், ஜே. ஜே. தாம்சன் அந்தத் துகளைப் பிடித்தது 1897இல். கொஞ்சம் கீழே போனால் இன்னொரு பதிவு இருக்கும். ஹைட்ரஜன் அணுவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நிறை, எதிர்மின்வாய்க் கதிராகவும் பீட்டாக் கதிராகவும் வெளிப்படுவது, வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க நிறை கூடும் என்றெல்லாம் இருக்கும். இது பிற்சேர்க்கை. அதிலும் மின்னூட்டத்தின் அளவு 3.4 × 10⁻¹⁰ நிலைமின் அலகு என்று கொடுத்திருக்கிறார்கள். இன்றைய மதிப்பு 4.8. அந்த 3.4 தாம்சன் காலத்து அளவீடு. அந்த மின்னூட்டத்தைத் துல்லியமாக அளந்த மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனை முடிவுகள் அதற்குள் ஏறவில்லை. ஒரே பக்கத்தில், ஒரே தலைச்சொல்லின் கீழ், இருபது வருட இடைவெளியில் இரண்டு உலகங்கள். பழைய வீட்டில் சுவரைச் சுரண்டினால் சுண்ணாம்பு அடுக்கு அடுக்காகப் பெயரும் பாருங்கள், அந்த மாதிரி.

இணையத்தில் கிடைக்கும் சில பதிப்புகளில் ஒவ்வொரு விளக்கத்துக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் அது எங்கிருந்து வந்தது, மூலப் பதிப்பா, பிற்சேர்க்கையா, அண்மையில் யாராவது சேர்த்ததா என்று குறித்திருப்பார்கள். கைபேசிச் செயலி செய்கிறவர்கள் பலர் இடத்தை அடைக்கிறது என்று அதை நீக்கிவிடுகிறார்கள். உங்கள் செயலியில் அந்தக் குறிப்பு இல்லையென்றால், இருக்கும் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள். என் அனுபவத்தில் விளக்கத்தைவிட அந்தக் குறிப்புதான் அதிகம் உதவுகிறது.

இது வெப்ஸ்டருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. சாமுவேல் ஜான்சனின் பெரிய அகராதி 1755இல் லண்டனில் வந்தது. மனிதர் மொழிக்காரர், பரிசோதனைக்கூடத்துக்காரர் அல்ல. அறிவியல் சொல் வந்தால் பெரும்பாலும் தமக்கு முன்னால் இருந்த துறை அகராதிகளைத் திறந்து எடுத்துப் போட்டுவிடுவார். ஜான் ஹாரிஸின் தொழில்நுட்ப அகராதி 1704, குவின்சியின் மருத்துவ அகராதி 1719, சேம்பர்ஸின் கலைக்களஞ்சியம் 1728. எடுத்த இடத்தின் பெயரை நேர்மையாகக் கீழே போட்டுவிடுவது அவர் வழக்கம். வாயு என்ற சொல்லுக்கு அவர் கொடுப்பது ஹாரிஸின் விளக்கம். வான் ஹெல்மான்ட் பயன்படுத்திய சொல், உறைய வைக்க முடியாத ஓர் ஆவியைக் குறிப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் அவர் அதைப் பல பொருளில், புரியாமலும் முன்னுக்குப்பின் முரணாகவும் கையாள்கிறார் என்று போகிறது. விளக்கமா திட்டா என்றே தெரியாது! வேடிக்கை என்னவென்றால், ஜான்சன் இதை அச்சுக்கு அனுப்பும் அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக், இன்று கார்பன் டைஆக்சைடு என்று நாம் சொல்லும் வாயுவைத் தனியாகப் பிரித்து அளந்துகொண்டிருந்தார். 1755ஆம் ஆண்டு அகராதியில் அந்த ஒரு பதிவு மட்டும் 1704ஆம் ஆண்டுக்காரது.

ஆனால் ஜான்சனையும் லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. மின்சாரம் என்ற பதிவைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. முதலில் குவின்சியின் விளக்கம்: சில பொருள்களைச் சூடேறும்படி தேய்த்தால் காகிதத் துணுக்கு போன்றவற்றைத் தம் பக்கம் இழுக்கும் தன்மை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொல்லப்பட்டது இதுதான், ஆனால் கிரே என்பவரின் சோதனைகளுக்குப் பிறகு எத்தனையோ அதிசயங்கள் வெளிவந்துவிட்டன என்று தாமே எழுதத் தொடங்குகிறார். வேகமாகச் சுழலும் கண்ணாடிக் கோளத்தால் மின்னூட்டிய பொருள்கள் சுடர் விடுகின்றன. மனித உடல்மீது ஒரேயடியாகச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து வரும் அளவுக்கு அந்த மின் ஆவியை நிரப்பிவைக்க முடிகிறது. நீண்ட சங்கிலியின் இரு முனைகளில் இருப்பவர்களுக்கும் ஒரே கணத்தில் அடி விழுகிறது. தத்துவவாதிகள் இப்போது இடியையே வழிமறிக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். மின்னலும் மின்சாரம்தான் என்று காட்டிய பிராங்க்ளினின் பட்டச் சோதனை 1752இல். அகராதி வந்தது 1755இல். அன்றைக்குச் சூடாக இருந்த செய்தியை அகராதிக்குள் கொண்டுவந்திருக்கிறார். இதில் வரும் தத்துவவாதி நாம் இன்று சொல்லும் அறிவியலாளர்தான். அறிவியலாளருக்கென்று ஆங்கிலத்தில் தனிச் சொல்லை ஹியூவெல் உருவாக்கியது 1830களில். அதற்கு முந்தைய எந்த நூலிலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதே சொல்லை மற்ற இரண்டு அகராதிகளிலும் தேடிப் பாருங்கள். 1755இல் அது ஆவி. 1828இல் நோவா வெப்ஸ்டரின் முதல் பெரிய அகராதியில் அது மிக நுண்ணிய ஒரு பாய்மம், பெரும்பாலான பொருள்களில் பரவியிருப்பது, இயற்கையின் மிக வலிமையான சக்திகளில் ஒன்று. 1890 பதிப்பில் பாய்மம் போய்விட்டது. ஆற்றலின் ஒரு வெளிப்பாடு, சுற்று, முனைவு, ஈர்ப்பு, விலக்கு என்று மூச்சு வாங்காமல் நீளும் ஒரே வாக்கியம். படித்து முடிக்கும்போது மின்சாரம் என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கும் சந்தேகம் வந்துவிடும். அதற்கும் காரணம் உண்டு. மேக்ஸ்வெல் மின்காந்தக் கொள்கையை வகுத்த பிறகு, எலெக்ட்ரானுக்கு முன்பு எழுதியது அது. பாய்மம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, துகள் என்று சொல்லவும் வழியில்லை. பழைய விளக்கம் ஒன்று காரணமில்லாமல் சுற்றி வளைத்தால், அந்தக் காலத்தில் அந்த விஷயம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். இது என் ஊகம்தான், விதியாகச் சொல்ல மாட்டேன்.

நல்ல அகராதிக்காரர்கள் சந்தேகத்தைச் சின்னச் சின்ன வார்த்தைகளில் ஒளித்து வைத்திருப்பார்கள், அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதே 1913 வெப்ஸ்டரில் ஈதர் என்று தேடுங்கள். வெளி முழுவதும், திடப்பொருளின் உள்ளும்கூட, நிறைந்திருப்பதாகக் கருதப்படும் ஊடகம் என்று இருக்கும். அந்தக் கருதப்படும் என்பதுதான் முக்கியம். மைக்கெல்சனும் மோர்லியும் 1887இல் ஈதரைத் தேடி எதுவும் கிடைக்காமல் கைவிரித்திருந்தார்கள். 1828 வெப்ஸ்டரில் கலோரிக் என்ற பதிவும் அப்படித்தான். வெப்பத்தின் மூலப்பொருள் என்று தொடங்கி, வெப்ப நிகழ்வுகளுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஒன்று என்று வரையறுக்கலாம் எனச் சற்றுப் பின்வாங்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லாவாசியே 1789இல் போட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள், அதில் ஒளியும் கலோரிக்கும் சேர்த்தி. ரம்ஃபோர்டு பீரங்கிக் குழாய் குடையும்போது வற்றாமல் வந்த வெப்பத்தைப் பற்றி 1798இலேயே எழுதிவிட்டார். இருந்தும் வெப்பம் ஆற்றலின் ஒரு வடிவம்தான் என்று ஜூல் காட்டும்வரை கலோரிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது உங்கள் மெழுகுவர்த்திக்கு வருகிறேன். ஃபாரடே அந்த உரைகளை நிகழ்த்தியது 1860ஆம் ஆண்டுக் கடைசியிலும் 1861 தொடக்கத்திலும். மெழுகுவர்த்தி எரியும்போது கார்பானிக் அமிலம் உண்டாகிறது என்று அவர் சொல்லும் இடத்தில் நீங்கள் கட்டாயம் தடுக்கி விழுவீர்கள். சோடா பாட்டிலுக்குள் இருக்கும் அமிலம் சுடருக்கு மேலே எங்கிருந்து வந்தது என்று தோன்றும். அவர் சொல்வது கார்பன் டைஆக்சைடு வாயுவைத்தான். காரணம் லாவாசியே வரை போகிறது. ஆக்சிஜன்தான் அமிலத்தை உண்டாக்குகிறது என்று அவர் நம்பினார், அதனால் கார்பன், கந்தகம் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து வருவதையே அமிலம் என்றார்கள், தண்ணீர் சேரும் முன்பே. 1810இல் டேவி குளோரின் ஒரு தனிமம், உப்பு அமிலத்தில் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஆக்சிஜனே இல்லை என்று காட்டியதும் அந்தக் கொள்கை ஆடிவிட்டது. ஆனால் பெயர்கள் அதன்பிறகும் அரை நூற்றாண்டு ஓடின. 1828 வெப்ஸ்டரில் ஆக்சிஜன் பதிவைப் பார்த்தால் இந்த ஆட்டம் அப்படியே தெரியும். அமிலத்தை உண்டாக்குவதால் இந்தப் பெயர் என்று தொடங்கும். சற்றுத் தள்ளி, ஆனால் எல்லா எரிதலுக்கும் எல்லா அமிலத்துக்கும் இது தேவையில்லை என்று அண்மைச் சோதனைகள் காட்டுகின்றன என்று வரும். ஆகவே ஃபாரடேயைப் படிக்க 1828 வெப்ஸ்டர், 1890 உடல் கொண்ட உங்கள் அகராதி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார் மனிதர்.

இன்னொரு பொறி எண்கள். 1860க்கு முந்தைய வேதியியல் நூல்களில் பலவற்றில் கார்பன் 6, ஆக்சிஜன் 8 என்று இருக்கும். நீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று வாய்பாடு போட்டிருப்பார்கள். அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்திவிடாதீர்கள். அவை சமான எடைகள், அதாவது ஹைட்ரஜனை ஒன்றாக வைத்து, தனிமங்கள் எந்த எடை விகிதத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று கணக்கிட்டவை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ என்ற இத்தாலிய வேதியியலாளர் எடுத்துவைத்த வாதத்துக்குப் பிறகுதான் 12, 16 என்ற வரிசை மெல்ல மெல்ல ஊன்றியது. யுரேனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், மெண்டலீவ் 1871இல் இரட்டிப்பாக்கி 240 ஆக்கும்வரை அதன் எடை 120 என்றுதான் நம்பினார்கள். ஒரு பதிவு எப்போது எழுதப்பட்டது என்று தெரியாமல் முழிக்கும்போது நான் முதலில் பார்ப்பது அணு எடையைத்தான். விளக்கத்தின் நடை பொய் சொல்லலாம், எடை சொல்லாது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிரீன் 1875இல் தமிழில் கொண்டுவந்த கெமிஸ்தம் போன்ற வேதியியல் நூல்களைக் கையில் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை பிறந்ததும் இந்த மாறுதல் காலத்தில்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் அன்றைக்குச் சரியாக இருந்து இன்று மாறியவை. அன்றைக்கே தப்பாக இருந்தவையும் உண்டு. ஜான்சனின் அகராதியில் காற்று வீசும் பக்கம், காற்று போகும் பக்கம் என்று மாலுமிகள் எதிரெதிராகச் சொல்லும் இரண்டு சொற்களுக்கும் ஒரே விளக்கம், காற்றை நோக்கி. அதை நம்பிக் கப்பல் ஓட்டியவன் கதி என்ன ஆகியிருக்கும்? டாரன்டுலா சிலந்தியின் கடிக்கு இசை ஒன்றே மருந்து என்றும் இருக்கிறது. குதிரைக் காலின் ஒரு பகுதியை முழங்கால் என்று எழுதிவிட்டு, ஒரு பெண்மணி ஏன் என்று கேட்டபோது, அறியாமை அம்மா, வெறும் அறியாமை என்று ஒத்துக்கொண்ட கதை பிரசித்தம்.

வேதியியல்காரர்களான எங்கள் பங்கும் இருக்கிறது. 1934இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பன்னாட்டுப் பதிப்பில் டோர்டு என்றொரு சொல், பொருள் அடர்த்தி, துறை இயற்பியலும் வேதியியலும். அப்படி ஒரு சொல் உலகத்தில் கிடையாது. பெரிய டி அல்லது சிறிய டி (D or d) அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் என்று வேதியியல் ஆசிரியர் 1931இல் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார். ஆங்கிலத்தில் அந்த அல்லதுவும் இரண்டெழுத்துதான் இல்லையா, அங்கே யாரோ இடைவெளியை விட்டுவிட்டு ஒரே சொல்லாகச் சேர்த்துவிட்டார்கள். 1939இல், பிறப்பு வரலாறே இல்லாத சொல்லாக இருக்கிறதே என்று ஒருவர் சந்தேகப்படும்வரை அது அகராதியில் சுகமாகக் குடியிருந்தது. ஆகவே ஒரு தொழில்நுட்பச் சொல் ஒரே ஓர் அகராதியில் மட்டும் இருந்து, எந்த நூலிலும் அது பயன்பட்டதற்கு மேற்கோள் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அகராதியில் இல்லை என்பதால் சொல் அப்போது இல்லை என்று முடிவுகட்டுவது. குடல்வால் அழற்சிக்கான ஆங்கிலச் சொல் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பில் இடம்பெறவில்லை. அந்த எழுத்துக்குரிய பகுதி 1885இல் அச்சாகிவிட்டது, ஃபிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தச் சொல்லைப் பரப்பிய கட்டுரையோ 1886. அப்புறம் 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவே அந்த நோயால் தள்ளிப்போனது. ஊரெல்லாம் பேசிய சொல், நாட்டின் பேரகராதியில் கிடையாது. பகுதி பகுதியாக 1884இலிருந்து 1928 வரை வந்த அகராதி அது. முதலில் வந்த பகுதியின் சொற்களுக்கும் கடைசியில் வந்த பகுதியின் சொற்களுக்கும் வயது வித்தியாசம் நாற்பது வருடத்துக்கு மேல்.

ஆக, நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: பழைய விளக்கம், அது எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய நூலில் அந்தச் சொல் என்ன பொருளில் வந்திருக்கிறது என்று அறிய நல்ல துணை. ஒரு பொருளின் பண்பு, அளவு, பயன், ஆபத்து எதற்கும் அது ஆதாரம் ஆகாது. குறிப்பாகப் பழைய மருந்து, நஞ்சு, சாயம் பற்றிய பதிவுகளைப் படித்துவிட்டு வீட்டில் எதையும் செய்து பார்க்காதீர்கள். சொல்லின் முதல் பயன்பாடு எந்த ஆண்டு என்பதற்கு இவற்றைச் சாட்சியாக வைப்பது வெறும் ஊகத்தில்தான் முடியும்.

எந்த அகராதியை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி நூல்களுக்கு என் முதல் தேர்வு வெப்ஸ்டர் இல்லை, விட்னி பதிப்பித்த செஞ்சுரி அகராதி. 1889 முதல் 1891 வரை வந்தது. கணிதம், அளவைகள், இயற்பியல் சார்ந்த பல விளக்கங்களை எழுதியது சார்லஸ் பியர்ஸ், துறை தெரிந்த கை என்பது படிக்கும்போதே தெரியும். இயந்திரம், பட்டறை, கருவிச் சொற்களுக்கு எட்வர்ட் நைட்டின் இயந்திரவியல் அகராதி, 1870களில் வந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், படங்களோடு கொடுத்திருப்பார். 18ஆம் நூற்றாண்டுக்கு ஜான்சனைவிட நேராக ஹாரிஸுக்கும் சேம்பர்ஸுக்கும் போய்விடுவது மேல். இவை எல்லாம் பதிப்புரிமை முடிந்தவை, ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தேடுபெட்டியில் தட்டச்சு செய்து பார்ப்பதைவிட ஸ்கேன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மேலேயும் கீழேயும் இருக்கும் பதிவுகளும் கண்ணில் படும்.

மகளுக்கு என்றால், தேர்வுக்குப் படிக்க இது வேண்டவே வேண்டாம். பெரிலியத்துக்குக் குளுசினம் என்றும் நியோபியத்துக்குக் கொலம்பியம் என்றும் பழைய பெயரில் பதிவு இருக்கும், பிள்ளை வீணாகக் குழம்பும். பாடப்புத்தகத்தின் கலைச்சொல் பட்டியலும் இன்றைய அகராதி ஒன்றும் போதும். தேர்வெல்லாம் முடிந்து விடுமுறையில் இருக்கும்போது எலெக்ட்ரான் பதிவை மட்டும் காட்டுங்கள், 3.4 ஏன் 4.8 ஆனது என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மெழுகுவர்த்தி உரைகளில் வேறு எங்காவது இடறினால், அந்தச் சொல் வரும் முழு வாக்கியத்தையும் இங்கேயே போடுங்கள். சொல்லை மட்டும் போட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.